இப்போது ஓடும் சீரியல்கள் எப்படி இருக்கின்றன? வரப்போகும் தொடர்களில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கதையில் வருகிறவர்கள் வேலை செய்ய வேண்டும். அந்த வேலை கதையை நகர்த்த வேண்டும். நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அப்படி இருக்கிற சீரியலை எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். பட்டுச் சேலையில் சோபாவைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்கிற சீரியல் எங்களிடம் நிலைப்பதில்லை.

நான் பிறந்தது கருங்கல் பக்கம், வாழ்க்கைப்பட்டது தோவாளையில். இரண்டும் கன்னியாகுமரி மாவட்டம்தான் என்றாலும் டிவி பார்ப்பதில் வித்தியாசம் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பெரும்பாலும் தமிழ்ச் சேனல்கள். மேற்கே போகப் போக மலையாளமும் சேர்ந்துகொள்ளும். சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது, ஏசியாநெட் அதே வருஷம் ஆகஸ்டில் வந்தது. அம்மா வீட்டில் அன்றிலிருந்து இன்றுவரை இரண்டும் ஓடுகிறது. அதனால் எங்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஒரே கதையை இரண்டு மொழியில் பார்த்து, எது நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

'பாக்கியலட்சுமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமொயி'தான் மூலம். விஜய் டிவியில் அது 2020-ல் தொடங்கி ஐந்து வருஷம் ஓடியது. மலையாளத்தில் அதே கதை 'குடும்பவிளக்கு' என்று ஏசியாநெட்டில் வந்தது. அம்மா அதைப் பார்ப்பாள், நான் இதைப் பார்ப்பேன், போனில் இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பேசுவோம். கணவன் மதிக்காத ஒரு குடும்பத்துப் பெண் தன் காலில் நிற்பதுதான் இரண்டிலும் கதை. மீரா வாசுதேவன் நடிப்பு அம்மாவுக்கு உசத்தி. எனக்குப் பாக்கியாதான் பிடித்தது. காரணம் அவளுடைய சமையல். எத்தனை பேருக்குச் சாப்பாடு, யார் காய் நறுக்குவது, ஆர்டர் கை நழுவிப் போனால் என்ன செய்வது என்று கதை போன வாரங்களில் எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. அவள் கணவன் கோபியின் இரண்டாவது கல்யாணத்தையே சுற்றிச் சுற்றி வந்தபோது பேச்சும் நின்றுவிட்டது.

'சிறகடிக்க ஆசை' இன்னும் நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் தொடங்கியது. மறு வருஷமே மலையாளத்தில் 'செம்பனீர் பூவு' என்று போய்விட்டது. முத்து கார் ஓட்டுகிறவன், மீனா பூக் கட்டி விற்கிறவள். தோவாளையில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னாலேயே பூச்சந்தை கூடிவிடுகிற ஊர் இது. பிச்சி, மல்லி, கேந்தி, அரளி எல்லாம் வந்து இறங்கும். ஓணம் வந்தால் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும். இங்கே கட்டுகிற மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. என் மாமி கண்ணை மூடிக்கொண்டு பிச்சிப்பூ கட்டுவார். மீனா பூத் தொடுக்கும் காட்சி வந்தால் மாமியின் பார்வை அவள் விரலை விட்டு நகராது. "இந்தக் கட்டு நிக்காது பாத்துக்க, மூணாவது பூவுலயே அவுந்துரும்" என்பார். ஆனாலும் சேனலை மாற்ற விடமாட்டார். பூக்காரி என்று மாமியார் விஜயா ஒருமுறை ஏளனம் செய்த நாளில் மாமிக்கு வந்த கோபம் நிஜக் கோபம். அந்தச் சொல்லைச் சந்தையில் கேட்டவர் அவர்.

அதனால் சீரியல் எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: மீனாவைத் தொழிலாளியாக வைத்துவிட்டீர்கள், அந்தத் தொழிலை இன்னும் காட்டுங்கள். முகூர்த்த நாளில் பூ விலை ஏறுவதும், மழை பெய்தால் பூ அழுகுவதும், கடனுக்கு வாங்கியவர் திரும்பி வராததும் ஒரு வாரக் கதைக்குத் தாராளமாகப் போதும். அந்த வீட்டின் இன்னொரு மருமகள் ரோகிணியின் ரகசியம் வெளிவருமா வராதா என்று மாதக்கணக்கில் இழுக்கத் தேவையே இருக்காது.

சன் டிவியின் 'எதிர்நீச்சல்' பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை ஓடியது. படித்த பெண்களை அடுப்படிக்குள் அடைத்து வைத்திருக்கும் வீடு. அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்கு என்ற சண்டை. அந்த வீட்டை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, இந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே உடம்புக்கு முடியாமல் போய் இறந்துபோனார். அன்றைக்கு எங்கள் தெருவில் பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். அத்தனை நாள் அந்த ஆளைத் திட்டியவர்கள்தான் அழுதவர்களும். அவருக்குப் பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர், ஆனால் கதை அதற்கப்புறம் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. 2024 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெண்கள் ஆளுக்கொரு தொழிலுக்காகப் போராடுவது. பிடிக்காதது ஆள் கடத்தலும் அடியாட்களும்.

மலையாளத்தில் 'உப்பும் முளகும்' 2015 கடைசியில் ஃப்ளவர்ஸ் டிவியில் தொடங்கியது. பாலு, நீலு, அஞ்சு பிள்ளைகள். அவ்வளவுதான். வில்லி கிடையாது, முகத்துக்கு மூன்று முறை காமிராவைக் கொண்டுபோவது கிடையாது. வீட்டில் உடுத்துகிற துணியோடுதான் இருப்பார்கள். தமிழில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை என்பது என் மைனியின் நெடுநாள் ஆதங்கம், எனக்கும்தான்.

சரி, வரப்போகும் தொடர்கள். எங்கள் மாவட்டத்தை வைத்து உருப்படியாக வந்த வெப் தொடர் 'வதந்தி'. 2022 டிசம்பரில் அமேசான் பிரைமில் வந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம், எஸ்.ஜே.சூர்யா ஒரு கொலையை விசாரிக்கும் போலீஸ்காரர். எங்கள் பேச்சு அதில் முக்கியப் பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தது. ஒன்றிரண்டு இடங்களில் ஒட்டவில்லை என்றாலும் சூர்யா அதற்காக உழைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அதுவரை திரையில் நாகர்கோவில் தமிழ் பேசினால் சிரிக்க வைப்பதற்காகத்தான் இருக்கும் என்று எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. சசிகுமாரை வைத்து அடுத்த சீசன் என்று அறிவித்திருக்கிறார்கள். கதை எந்த ஊரில் நடந்தாலும் அந்த ஊர்ப் பேச்சுக்கு இதே உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் எங்கள் ஊர் என்றாலே பாறையும் காற்றாலையும் பிணமும்தானா? இங்கே இருக்கிற வேலைகளைப் பாருங்கள். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும், மழை வந்தால் வெட்டே கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிற பெண்கள். முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கை கறுத்துப் போயிருக்கும். கருங்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி, சம்பந்தம் பேச ஆள் வந்தபோது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே காப்பி கொடுத்தார். அந்த ஒரு கையை வைத்தே ஒரு சீரியலைத் தொடங்கலாம். அப்புறம் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் குடும்பங்கள். ஆண்கள் வாரக்கணக்கில் கடலில், வீட்டை நடத்துவது பெண்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அங்கே எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அதை எடுப்பதானால் பக்குவமாக எடுக்க வேண்டும், பின்னணி இசையைப் போட்டு அழ வைக்கக் கூடாது.

பழைய காலக் கதை வேண்டுமென்றால் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி இருக்கிறது. சொத்து அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். கணவன் கண்ணை மூடினால் மனைவியும் பிள்ளைகளும் கிட்டத்தட்ட வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையை ஒரு மனைவியின் வாயாகவே பாடி வைத்திருக்கிறார். குடும்பத்தை ஆளும் தாய்மாமனான காரணவர், மருமகன், ஒரே வீட்டில் பல மனைவிகள், கோர்ட்டு வழக்கு எல்லாம் நிஜமாக நடந்தவை. அப்பத்தாவின் பங்குக்கே இரண்டு வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்த தமிழ்நாடு இதைப் பார்க்காமல் இருக்குமா? நல்ல எழுத்தாளர் ஒருவர் கிடைத்தால் நூறு பகுதிக்குள் முடித்துவிடலாம். ஆயிரம் பகுதி வேண்டாம்.

கேள்வி கேட்டவர் புதிதாக ஏதாவது பார்க்கத் தேடுகிறவராக இருந்தால், தினசரி சீரியல்களுக்குள் போகாமல் 'அயலி'யிலிருந்து தொடங்குங்கள். ஜீ5-ல் 2023 ஜனவரியில் வந்தது, எட்டே பகுதி. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில், வயதுக்கு வந்ததை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பெண்ணின் கதை. வீட்டில் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.