பத்துக்குப் பத்து என்றால் உள்ளே எவ்வளவு?

கேள்வி: சொந்தமாக வீடு கட்டப்போகிறோம். வரைபடத்தில் படுக்கையறை 10-க்கு 10 அடி. கட்டிலும் அலமாரியும் தாராளமாக அடங்குமா?

பதில்: அந்தப் பத்தடியை எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். சுவரின் மையத்திலிருந்து மையத்துக்கு என்றால், 9 அங்குலச் சுவரும் பூச்சும் போக உள்ளே 9 அடி 2 அங்குலம்தான். வெளிப்பக்க அளவென்றால் 8 அடி 5 அங்குலமாகக் குறைந்துவிடும்.

மைய அளவென்றே வைத்துக்கொள்வோம். 5 அடி அகலக் கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச்சுவரில் 2 அடி ஆழ அலமாரி வைத்தால் நடுவில் மிஞ்சுவது 2 அடி 2 அங்குலம். அலமாரியின் ஒன்றரை அடிக் கதவைத் திறந்தால் நிற்க இடமிருக்காது. கால்மாட்டில் வைக்கவும் வழியில்லை. ஆறரை அடிக் கட்டில் போக அங்கே 2 அடி 8 அங்குலம்தான் இருக்கும். அறையின் அகலத்தை 11 அடியாக்குங்கள், நடுவில் 3 அடிக்கு மேல் கிடைக்கும். கூடத்தில் ஓரடி குறைந்தாலும் பரவாயில்லை.

வாசலைச் சுவரின் நடுவில் வைக்காதீர்கள். இரு பக்கமும் எதற்கும் உதவாத துண்டுச் சுவர்தான் மிஞ்சும். மூலையிலிருந்து நிலைக்கு 4 அங்குலம் விட்டால் போதும். அந்த மூலையில் அலமாரி வருமானால் 2 அடி 3 அங்குலம் விடுங்கள். இல்லாவிட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

கட்டம்போட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடி என்று அறையை வரைந்து, கட்டில், மேசை, அலமாரியை அதே அளவில் அட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். கதவு சுழலும் வளைவையும் வரையுங்கள். பிறகு மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடலாம். வெறுந்தரையில் எந்த அறையும் சிறிதாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பதறி அளவை மாற்ற வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குள் மாடிப்படிக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

பதில்: தளத்துக்குத் தளம் 10 அடி 5 அங்குலம் என்றால், 7 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் 18 படிகள் வரும். நடுவில் திரும்பும் படியானால் பக்கத்துக்கு ஒன்பது. மிதிபடி 10 அங்குலம், அகலம் 3 அடி, திருப்பத் தளம் 3 அடி என்று போட்டால் 9 அடி 8 அங்குல நீளமும் 6 அடி 3 அங்குல அகலமும் வேண்டும். முதல் படிக்கு முன்னால் நிற்க இன்னொரு 3 அடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருப்பத்துக்கு அடியில் கழிப்பறை வைக்கத் திட்டமிட வேண்டாம், அங்கே உயரம் 5 அடிகூட இராது.

தரைக்கல்லின் கனத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தரை இரண்டரை அங்குலம் உயர்ந்து, படிமேல் ஓரங்குலம் மட்டும் ஏறினால், முதல் படி மற்றவற்றைவிட ஒன்றரை அங்குலம் குள்ளமாகிவிடும். கால் இடறுவது அங்கேதான்.

கேள்வி: கீழும் மேலுமாக மூன்று குளியலறைகள். எங்கெங்கே வைக்கலாம்?

பதில்: கீழே உள்ள இரண்டும் ஒரே சுவரைப் பகிரட்டும், மேலே உள்ளது அவற்றில் ஒன்றின் தலைக்கு நேராக வரட்டும். கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு கொடுத்தால் 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். குளியலறை தள்ளிப்போகப் போக மேல்தளத்தை அதற்கேற்ப இன்னும் தாழ்த்த வேண்டிவரும், கீழ் அறையின் கூரை உயரம் அந்த அளவு குறையும்.