பழைய ஸ்ப்ளெண்டரில் டிக் டிக், கரகர: இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முன்பக்கம் டிக் டிக் என்று கேட்கிறது. கொஞ்ச நாளாக இடப்பக்கம் கரகரவென்று இன்னொரு சத்தமும் சேர்ந்திருக்கிறது, ஆக்சிலேட்டரை விடும்போது அதிகம். புகை இல்லை, மைலேஜும் குறையவில்லை. மெக்கானிக் "இன்ஜினை இறக்கி போர் போடணும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்த வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், கிக்கர் எதிர்ப்பில்லாமல் லேசாக இறங்கும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, "மொத்தமா பண்ணிடலாம் சார்" என்பதில் அவருக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது, ஆனால் பணம் உங்களுடையது.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது மாறுகிறது என்று கவனியுங்கள். டிக் டிக்கா டொக் டொக்கா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இன்ஜின் சூடானதும் குறைகிறதா கூடுகிறதா, கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா, ஏற்றத்தில் மட்டும் வருகிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஆயில். சென்டர் ஸ்டாண்ட் போட்டு இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், அதே அளவு நேரம் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இந்த இன்ஜினில் மொத்தமே ஒரு லிட்டருக்குக் குறைவான ஆயில்தான், அதில் கால் லிட்டர் போனாலே சத்தம் வரும். சத்தத்தை அமுக்க கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஹீரோ சொல்லும் 10டபிள்யூ30 போதும், கெட்டி ஆயில் காலைக் குளிரில் ஹெட்டுக்கு (வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடிக்கு) ஏற நேரம் எடுக்கும்.

அப்படியே வெளிப்புறத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். இன்ஜின் மவுண்டிங் போல்ட், செயின் கவர், சைலன்சர் மேல் இருக்கும் தகடு, ஹெட்டில் சைலன்சர் சேரும் இடத்து கேஸ்கெட். அந்த கேஸ்கெட் ஊதினால் வரும் பட் பட் சத்தத்தை டேப்பெட் (வால்வை அழுத்தித் திறக்கும் இடத்திலுள்ள திருகு) என்று நினைத்து ஹெட்டைத் திறந்தவர்கள் உண்டு.

சரி, டிக் டிக். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் ஏறக்குறைய படுத்தபடி இருப்பதால் ஹெட் முன்பக்கம் இருக்கும், நீங்கள் சொல்லும் இடம் அதுவேதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹெட்டில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேளுங்கள் (சுடும் சைலன்சர் மேல் கை படாமல்). தையல் மெஷின் மாதிரி லேசாக, ஒரே சீராக வந்தால் டேப்பெட்தான். கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போதுதான் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று வரும் என்பதால் இந்தச் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதியில் கேட்கும்.

டேப்பெட்டில் விட வேண்டிய இடைவெளி, அதாவது கேப், 0.08 மில்லிமீட்டர், இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தி காலையில் பார்ப்பது உத்தமம். மேக்னட்டை (கிராங்க்கின் இடது முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) இடப்பக்கமிருந்து பார்த்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி, அதிலுள்ள டி (T) குறியை நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரையும் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் கை) ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் கொஞ்சம் ஆடினால் சரியான இடம், ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கைப்பழக்கத்தில் வைக்கும் மெக்கானிக்குகள் நிறைய. அவர்களில் பலர் சத்தமே வராத அளவுக்கு இறுக்கிவிடுவார்கள், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார். எனக்கு அதுதான் பயம். இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு சூடானதும் முழுசாக மூடாது, வால்வு சீட்டில் ஒட்டினால்தான் அதன் வெப்பம் ஹெட்டுக்கு இறங்கும், ஒட்டாவிட்டால் விளிம்பு கருகிவிடும். கொஞ்சம் டிக் டிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம் கரகர. கிராங்க்கிலிருந்து கேமைச் சுற்றும் டைமிங் செயின் இந்த இன்ஜினில் இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் தளர்ந்த செயின் ஆடி அடிக்கும், உங்கள் வண்டியில் சத்தம் வருவதும் அதே நேரத்தில்தான். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஸ்பிரிங்கும் புஷ் ராடும் கொண்டது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் ரோலர் கெட்டுத் தேய்ந்தாலோ செயின் தொளதொளவென்றாகும். செயினை மட்டும் மாற்றாதீர்கள், ரோலர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்த கிட்டாக மாற்றுங்கள். இதற்கு இடப்பக்கக் கவரும் மேக்னட்டும் கழற்ற வேண்டும், கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டியதே இல்லை. கவரைத் திறக்கும்போது மேக்னட் நட் லூஸாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இதே பக்கம் சத்தம் போடும். தள்ளிப்போடாதீர்கள், ரொம்பத் தளர்ந்த செயின் பல் தாண்டினால் டைமிங் மாறிவிடும்.

இரண்டும் செய்த பிறகும் சத்தம் இருந்தால்தான் அடுத்த கட்டம். குளிரில் மந்தமாகத் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆடுகிறது. புகை வரும்வரை அதோடு ஓட்டலாம், பிறகு சிலிண்டரை அளந்து பார்த்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். கிளட்ச் பிடித்ததும் மாறினால் வலப்பக்கம் கிளட்ச் அவுசிங்கில் பாருங்கள். டாப் கியரில் மெதுவாக ஏற்றம் ஏறும்போது மட்டும் கிலுகிலுவென்று உலோகச் சத்தம் வந்தால், கார்பன் சேர்ந்ததோ இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) தவறியதோ இருக்கலாம், முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள்.

அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று, சூடாக ஆக அதிகமாகி, லோடு கொடுத்தால் இன்னும் பலமாகக் கேட்டால் மட்டும் கதை வேறு. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் போய்விட்டது என்று அர்த்தம், அப்போதுதான் இன்ஜினை இறக்கி கிராங்க்கைப் பிரிக்க வேண்டும். அந்தச் சத்தத்தோடு பட்டறைவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், குட்டி யானையில் ஏற்றி அனுப்புங்கள்.