ஹங்கேரியர் ஹூணர்களா?

கேள்வி: மன்னன் அட்டிலாவின் ஹூணர்கள் வழிவந்தவர்கள் என்பதால்தானே ஹங்கேரியருக்கு அந்தப் பெயர்? பெயரிலேயே 'ஹூண்' ஒளிந்திருக்கிறதே!
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒளிந்திருக்கவில்லை, பிறர் கொண்டுவந்து ஒட்டியது. முன்னால் இருக்கும் அந்த 'ஹ'வை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஜெர்மானியர் அந்த நாட்டை 'உங்கார்ன்' என்கிறார்கள், இத்தாலியர் 'உங்கேரியா', போலந்துக்காரர் 'வெங்கிரி'. ஹூணர்களை மனத்தில் வைத்துக்கொண்டு இடைக்கால இலத்தீனில் எழுதியவர்கள் சேர்த்த எழுத்துதான் 'ஹ'. ஆங்கிலம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. நாம் ஆங்கிலத்திடமிருந்து வாங்கினோம்.

மூலச் சொல் 'ஓனோகுர்' என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. துருக்கிய மொழியில் 'ஓன்' என்றால் பத்து. பத்துக் குலங்களின் கூட்டு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் திரிந்த ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. அதே புல்வெளிக்கு வந்து சேர்ந்த ஹங்கேரியருக்கும் ஸ்லாவியர் அதைச் சூட்டிவிட்டார்கள்.

அட்டிலா இறந்தது 453இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே அவன் பேரரசு சிதறியது. ஆர்பாட் தலைமையில் ஹங்கேரியர் கார்பாத்திய மலைகளைக் கடந்து வந்ததோ 895 வாக்கில். நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி! ஆனால் குடியேறியது அட்டிலா ஆண்ட அதே சமவெளியில். குதிரைமேல் இருந்தபடி அம்பெய்து மேற்கு ஐரோப்பாவைச் சூறையாடவும் செய்தார்கள். பார்த்தவர்கள் பழைய ஹூணர்களை நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. 13ஆம் நூற்றாண்டில் கேசா ஊர் சைமன் என்ற அரசவைக் குருவே இரு மக்களையும் ஒன்றாக்கி வரலாறு எழுதினார். ஹங்கேரியில் பிள்ளைகளுக்கு அட்டிலா என்று இன்றும் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். சான்றாக ஏற்க மாட்டேன்.

பெயரை வைத்துப் பரம்பரை சொல்வதானால் அவர்களைத் துருக்கியர் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 10ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் எழுதினார். ஹங்கேரியின் புனித மகுடத்தின் கீழ்ப்பகுதியில், மன்னர் முதலாம் கேசாவை 'துர்கியாவின் மன்னர்' என்று குறிக்கும் கிரேக்க எழுத்து இன்றும் இருக்கிறது.

அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'மாகியார்'. வந்த ஏழு குலங்களில் ஒன்றான 'மெகியெர்' குலத்தின் பெயர் அது. அதன் முற்பகுதி, சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியில் வாழும் 'மான்சி' மக்களின் பெயரோடு ஒரே வேர் கொண்டது என்பது மொழியியலாரின் கருத்து. மான்சி, அதே பகுதியின் கான்ட்டி (Khanty) ஆகிய இரு மொழிகளுமே ஹங்கேரிய மொழிக்கு மிக நெருங்கிய உறவு. உறவு தேடுகிறீர்கள் என்றால் முதலில் அங்கே தேடுங்கள். ஹூணர்களில் எஞ்சிய சிலரின் இரத்தம் அந்தச் சமவெளியில் கலந்ததா என்பது வேறு கேள்வி. புதைகுழி எலும்புகளை ஆராய்கிறவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது. 'ஹ' என்ற எழுத்தை வைத்து அதைத் தீர்க்க முடியாது.