சிப்பி ஓடு கிடைத்தால் இழப்பீட்டை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

கேள்வி: செபராங் பிறை வடக்கில் 5 லட்சம் ரிங்கிட்டுக்குத் தரை வீடு வாங்கியிருக்கிறோம். வடிகால் தோண்டியபோது சிப்பி ஓடுகளும் பானைத் துண்டுகளும் கிடைத்தனவாம். தொல்லியலாளர்கள் உடனிருந்தால்தான் மண் எடுக்க முடியும், சாவி தர எட்டு மாதம் தாமதமாகும் என்கிறார் மேம்பாட்டாளர். ‘இழப்பீடு கோரமாட்டோம்’ என்ற கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கடிதத்தை நீங்கள் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. ‘நாட்டின் பாரம்பரியத்தைக் காக்க ஒத்துழைக்கும் வகையில்’ என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில் உங்கள் உரிமையைப் பறிக்கிறது. அது எனக்குக் கோபமூட்டுகிறது.

தரை வீட்டு ஒப்பந்தம் வீடமைப்பு விதிமுறைகளில் உள்ள ஜி அட்டவணை என்ற மாதிரி ஒப்பந்தத்தின்படி அமைவது. 24 மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு. உங்களுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 137 ரிங்கிட். எட்டு மாதத்தில் 32,000ஐத் தாண்டும். காலக்கெடு முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே ஓடுகிறது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்த ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். அரசு அதிகாரியான வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் இக்கெடுவை நீட்டிக்க முடியாது என்பதும் அதே நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது நிலத்தை வாங்கி வீடு கட்டி விற்பவரின் பொறுப்பு.

அதற்காகத் தொல்லியலாளர்கள் மீது வருத்தப்படாதீர்கள். உங்கள் வட்டாரத்திலேயே உள்ள குவார் கெப்பாவில் 2017இல் காட்சிக்கூடப் பணிக்காக மண் தோண்டியபோதுதான் 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ‘பினாங்குப் பெண்’ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அதுவும் சிப்பிக் குவியல் இருந்த இடம்தான். பக்கத்துக் கெடாவில், நம் கடாரத்தில், 2013இல் மேம்பாட்டுப் பணிக்காக ‘சண்டி’ எனப்படும் ஒரு பழைய கோயில் கட்டடத்தையே இடித்துத் தள்ளினார்கள். இடித்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுப்பவர் உடனே பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தாரா, எந்தத் தேதியில் என்று மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே எழுதலாம்.

சாவி கைக்கு வந்ததும் இழப்பீட்டைக் கோருங்கள். தர மறுத்தால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குச் செல்லலாம். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அதுவரை அந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.