தாயைப் பிரிந்து கிடக்கும் காட்டுக் குட்டியை எடுத்து வளர்க்கலாமா?

தரையில் தனியாகக் கிடக்கும் அணில் குட்டி, பறவைக் குஞ்சு, முயல் குட்டி இவற்றைக் கண்டால் என்ன செய்வது, வீட்டுக்கு எடுத்து வந்து பால் கொடுத்து வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு அணிற்பிள்ளை கிடைத்தது. கண் திறக்கவில்லை. முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. கையில் எடுத்தபோது சில்லென்று இருந்தது. கத்திக்கொண்டே இருந்ததால் பசி என்று நினைத்தேன். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மருந்து ஃபில்லரில் எடுத்து, குட்டியை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து வாயில் விட்டேன். ஆவலாகக் குடித்தது. இரண்டாவது தடவை விட்டபோது மூக்கில் ஒரு சின்னப் பால் குமிழி வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தேன். அன்று இரவு முழுக்க அது மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விடிவதற்குள் இறந்துவிட்டது.

தாய் இல்லாத ஏக்கத்தில் இறந்தது என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிற்பாடு ஒரு காட்டுயிர் மீட்பு மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அங்கே ஒருவர் இதே மாதிரி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். மையத்தில் இருந்த அக்கா அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "பால் கொடுத்தீங்களா?" என்றார். அதே சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூக்குக் குமிழி, பால் புரையேறி நுரையீரலுக்குள் போனதன் அடையாளம். என் குட்டியை ஏக்கம் கொல்லவில்லை, நான் கொடுத்த பால்தான் கொன்றது.

அன்று நான் செய்த தவறுகள் மூன்று. பெரும்பாலானவர்கள் இன்றும் செய்வது இவற்றைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, குளிர்ந்துபோன குட்டிக்கு உணவு கொடுத்தது. முடி முளைக்காத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடலும் வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காமல் அப்படியே கிடந்து கெட்டுப்போகும். பசியோடு அது இன்னும் சில மணி நேரம் தாங்கும். குளிரில் தாங்காது. ஆகவே எந்தக் குட்டியாக இருந்தாலும் முதலில் தர வேண்டியது வெதுவெதுப்பு.

இரண்டாவது, மல்லாத்திப் பிடித்தது. மனிதக் குழந்தையை மடியில் போட்டுப் பாலூட்டும் பழக்கத்தில் நம் கை தானாகவே அப்படிப் போகிறது. பாலூட்டி விலங்குகளின் குட்டிகள் பெரும்பாலும் குப்புறப் படுத்து, தலையை நிமிர்த்தித்தான் பால் குடிக்கும். பறவைக் குஞ்சுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். குஞ்சு வாயைத் திறந்தால் நாக்கின் பின்பக்க அடிப்பகுதியில் ஒரு சின்னத் துளை தெரியும், அதுதான் மூச்சுக்குழலின் வாய். அலகுக்குள் நாம் விடும் தண்ணீர் நேராக அதில் இறங்கிவிடும்.

மூன்றாவது, பசும்பால். பசும்பால் கன்றுக்குட்டிக்காக அமைந்தது. அதில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். முயல் பாலில் அது 10 சதவீதத்துக்கும் மேல். ஹூடட் சீல் என்ற ஒரு கடல்நாய் இனம் இருக்கிறது, தன் குட்டிக்கு நான்கே நாள்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் கொழுப்பு 60 சதவீதத்தைத் தொடும். ஒவ்வொரு தாயின் பாலும் அந்தந்தக் குட்டியின் கணக்குக்கு அமைந்தது. பசும்பாலில் உள்ள சர்க்கரை பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். கையளவுகூட இல்லாத உடம்பில் ஒரு நாள் பேதியே உயிரைக் குடிக்கப் போதும்.

சரி, இதெல்லாம் குட்டி உண்மையிலேயே அநாதையாக இருந்தால்தானே? நாம் 'கைவிடப்பட்டது' என்று நினைத்து எடுத்துவரும் குட்டிகளில் நிறைய, கைவிடப்பட்டவையே அல்ல. மையத்தில் இருந்த நாட்களில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். நல்ல மனசோடு ஒருவர் பெட்டியை நீட்டுவார். உள்ளே கொழுகொழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு குட்டி இருக்கும். எங்கேயோ அதன் தாய் தேடிக்கொண்டிருக்கும்.

காட்டு முயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குட்டிகள் பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கின்றன. தாய் அவற்றைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடும். பெரும்பாலும் நாளுக்கு ஒரே தடவை, பொழுது சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் போய்விடும். பக்கத்திலேயே இருந்தால் தன் வாடையும் நடமாட்டமும் வேட்டை விலங்குகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இப்படி. நடுப்பகலில் அந்தப் பக்கம் போகிறவருக்கு அது தனியாக விடப்பட்ட குழந்தை மாதிரிதான் தெரியும். மான் கன்றும் அப்படித்தான். அசையாமல், சத்தமில்லாமல், மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். நீங்கள் கிட்டே போனாலும் ஓடாது. பயமில்லாததால் அல்ல, அசையாமல் கிடப்பதுதான் அந்த வயதில் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. தாய் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், நீங்கள் அங்கே நிற்கும்வரை அது வராது.

பறவைக் குஞ்சில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு என்றால் அது கூட்டைவிட்டு இறங்கிப் பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் தரையிலேயே வந்து இரை கொடுக்கும். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, வேண்டுமானால் பக்கத்தில் ஒரு புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகே இல்லாமல் தோல் தெரியும் குஞ்சு என்றால் கூட்டிலிருந்து விழுந்தது. கூடு எட்டினால் அதிலேயே திருப்பி வைக்கலாம். கூடே விழுந்துவிட்டால், அடியில் துளையுள்ள ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டிவிடலாம். மனிதன் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்று சொல்வது உண்மையில்லை, தயங்காமல் வையுங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உழவாரன் (ஸ்விஃப்ட்) என்ற பறவை. அது கூட்டைவிட்டால் நேராக வானத்துக்குத்தான். தரையில் கிடக்கும் உழவாரன் குஞ்சுக்குத் தாய் வந்து இரை கொடுக்காது, அதற்கு உதவி தேவை.

பாம்புக் குட்டி, ஆமைக் குஞ்சு இரண்டும் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்தே தனி ஆள். அவற்றுக்கு அநாதை என்ற பேச்சே இல்லை.

அணிலுக்கு வருகிறேன், நீங்கள் முதலில் கேட்டது அதைத்தானே. தாய் அணில் பெரும்பாலும் ஒரு கூடு போனால் குட்டிகளை வேறு கூட்டுக்கு மாற்றிவிடும். அதனால் குட்டியைத் திருப்பிச் சேர்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒருமுறை கிளை வெட்டும்போது கூடு விழுந்து மூன்று குட்டிகள் கிடைத்தன. மூடியில்லாத ஒரு சின்னப் பெட்டியில் துணி விரித்து, அடியில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்து, குட்டிகளை அதன்மேல் விட்டு, அதே மரத்தின் கவட்டையில் கட்டினோம். பிறகு நன்றாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தாய் வந்தது. பெட்டியின் விளிம்பில் நின்று வாலை உதறிக் கத்தியது, ஓடிப்போனது, மறுபடி வந்தது. கடைசியில் ஒரு குட்டியைப் புரட்டி அடிவயிற்றுத் தோலை வாயால் கவ்வியது. கவ்விய உடனே அந்தக் கண் திறக்காத குட்டி கையையும் காலையும் சுருட்டி, தாயின் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல். மூன்றாவதை எடுக்க வர நாற்பது நிமிடம் ஆனது. வராது என்று நாங்கள் எழுந்துவிட்டோம், அப்போதுதான் வந்தது.

ஆகவே காயமில்லாத குட்டி என்றால் முதல் வேலை காத்திருப்பது. தூரத்தில், மறைவில், பகலில் இரண்டு மணி நேரமாவது. முயல், மான் என்றால் தொடவே வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ரத்தமோ ஒடிந்த எலும்போ தெரிந்தால், தாய் பக்கத்தில் இறந்து கிடந்தால், உடம்பில் வெள்ளைத் துகள் போல ஈ முட்டைகள் ஒட்டியிருந்தால், எறும்பு மொய்த்தால், மணிக்கணக்காகக் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருந்தால் உடனே எடுக்க வேண்டியதுதான். பூனை கவ்வியது தெரிந்தால் காயமே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எடுங்கள். பூனையின் பல்லில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் குட்டியைக் கொன்றுவிடும், மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் இல்லாமல் பிழைப்பது அரிது. கங்காரு மாதிரிப் பையுள்ள விலங்கு அடிபட்டு இறந்திருந்தால் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். அது காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், வாய் கிழிந்துவிடும்.

வௌவால் குட்டியை மட்டும் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். ரேபிஸ் ஆபத்து உண்டு, அதன் கடி சில நேரம் தெரியாத அளவுக்குச் சின்னது. குரங்குக் குட்டி, சிறுத்தைக் குட்டி என்றால் தாய் பக்கத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நீங்கள் முதலில் விலகுங்கள், பிறகு போன் செய்யுங்கள்.

எடுத்துவிட்டீர்கள் என்றால், காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டி, நூல் பிரியாத பழைய துணி (பிரிந்த நூல் நகத்திலும் காலிலும் சுற்றி இறுக்கிவிடும்), பெட்டியின் பாதிக்கு மட்டும் வெந்நீர் பாட்டில். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். எட்டிப் பார்ப்பது, தடவிக் கொடுப்பது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். நம் கையில் அசையாமல் இருப்பதைப் பார்த்து 'சமத்தாக இருக்கிறது' என்கிறோம். அது பயத்தில் உறைந்து கிடக்கிறது. மான் போன்றவை பிடிபட்ட பயத்திலேயே தசைகள் சிதைந்து இறப்பதுண்டு.

வளர்க்கலாமா என்ற கேள்வி மிச்சம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பாலைச் சரியாகக் கொடுத்தாலும் வளர்ப்பு அத்தோடு முடிவதில்லை. கண் திறக்காத குட்டிக்கு ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே வரும், அந்த வேலையை ஈரப்பஞ்சால் நாம் செய்யாவிட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும். கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் அநாதை யானைக்குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும் பாலைக் கண்டுபிடிக்கப் பல வருடம் போராடினார், தேங்காய் எண்ணெய் சேர்த்த கலவையில்தான் வழி பிறந்தது. அப்படி அவர் வளர்த்த ஆயிஷா என்ற குட்டி, மகள் கல்யாணத்துக்காக அவர் சில நாள் வெளியே போனபோது சாப்பிடாமல் இறந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு குட்டி ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளாதபடி அங்கே பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றி விடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1982இல் வெறும் 22 என்று குறைந்தபோது, மையத்தில் பொரித்த குஞ்சுகளுக்குத் தாய்க் கழுகின் தலை போலச் செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டுதான் இரை ஊட்டினார்கள். மனித முகத்தைத் தாயென்று பதித்துக்கொண்ட குஞ்சு காட்டில் பிழைக்காது. வீட்டில் நம்மைக் கண்டதும் ஓடிவரும் குட்டி, நாளைக்கு முன்பின் தெரியாதவரிடமும் நாயிடமும் அதே மாதிரி ஓடும்.

வனத்துறை, காட்டுயிர் மீட்பு மையம், காட்டுயிர் பார்க்கும் கால்நடை மருத்துவர் இந்த மூன்று எண்களையும் இன்றைக்கே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டி கையில் இருக்கும்போது தேடினால் நேரம் போய்விடும். ஒப்படைக்கும்போது எந்த இடத்தில், எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று துல்லியமாகச் சொல்லுங்கள், தாயோடு சேர்க்கவும் பிறகு விடுவிக்கவும் அதுதான் வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஊட்டியிருந்தால் மறைக்காதீர்கள், திட்டமாட்டார்கள், அதற்கேற்ற சிகிச்சையைத் தொடங்குவார்கள். சில நாள் கழித்துக் குட்டி எப்படி இருக்கிறது என்று போனில் கேளுங்கள், சொல்வார்கள். நேரில் வந்து ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.