மெல்பர்னில் வேலைநிறுத்தம், ஈசூனில் பிணைக் கையெழுத்து

கேள்வி: என் மகள் மெல்பர்னில் இரண்டாண்டு முதுநிலை ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். இங்குள்ள ஓர் அமைப்பின் உதவித்தொகையில் போனாள். ஒப்பந்தப் பத்திரத்தில் நான் பிணையாளி. அவள் வகுப்பறைப் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள். பயிற்சி நாள்கள் குறைந்தால் பட்டம், விசா இரண்டும் போய்விடுமா? பிணைப் பணம் என் தலையில் விழுமா? அவளும் போராட்டத்தில் போய் நின்றால் சிங்கப்பூரில் வழக்கு வருமா?
ஈசூன் வாசகர்

பதில்: கடைசிக் கேள்விதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். வழக்கு வராது. 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த 171 பஸ் ஓட்டுநர்கள் இங்கு வேலைக்குப் போக மறுத்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள், 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதை நினைத்துத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். பொதுப் போக்குவரத்து இன்றியமையாச் சேவை. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அதில் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பது நம் சட்டம். அந்தச் சட்டம் சிங்கப்பூரில் நடப்பதற்குத்தான். மெல்பர்ன் பள்ளி வாசலுக்கு அது போகாது.

அடுத்தது, உங்கள் மகள் வேலைநிறுத்தம் செய்யவே முடியாது. ஆஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டு ஃபேர் வொர்க் சட்டப்படி, படிப்பின் கட்டாயப் பகுதியாக ஊதியமின்றிப் பயிற்சிக்குப் போகிறவர் ஊழியர் அல்லர். ஊழியர் அல்லாதவருக்கு நிறுத்த வேலையும் இல்லை, பிடிக்கச் சம்பளமும் இல்லை. அமைதியான கூட்டத்தில் பார்வையாளராக நிற்பது வேறு விஷயம். மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கட்டுப்பாடு சம்பள வேலைக்கானது; கூட்டத்தில் நிற்பதற்கு அல்ல.

வேலைநிறுத்தத்தன்று பள்ளி முழுவதுமாக மூடப்படாமல் இருக்கலாம். வராத ஆசிரியர்களின் வகுப்புகளை ஒரே மண்டபத்தில் சேர்த்து உட்கார வைப்பார்கள். அப்போது துணை முதல்வர் வந்து, "நீ நன்றாகத்தானே நடத்துகிறாய், இந்த வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று உங்கள் மகளிடம் கேட்கக்கூடும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது, ஆளில்லாத திண்டாட்டம். ஆனால் ஒரு மாணவன் விழுந்து கையை முறித்துக்கொண்டால், அங்கே பதிவு பெற்ற ஆசிரியர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். "பதிவு பெற்ற ஆசிரியர் உடனிருந்தால் உதவுகிறேன், தனியாகப் பொறுப்பேற்க எனக்கு அனுமதி இல்லை" என்று அவர் சொல்லிவிட வேண்டும். அதையே அன்று மாலை பல்கலைக்கழகத்தின் பயிற்சி அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பட்டும். வழிகாட்டி ஆசிரியரே வேலைநிறுத்தத்தில் இருந்தால் போவதா வேண்டாமா என்பதை அந்த அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நேரம் இருக்கும், சட்டப் பாதுகாப்புள்ள வேலைநிறுத்தத்துக்குப் பொதுவாக மூன்று வேலைநாள் எழுத்து முன்னறிவிப்பாவது தர வேண்டும்.

இப்போது நாள் கணக்கு. முதுநிலைப் படிப்புக்குக் குறைந்தது 60 நாள் மேற்பார்வையுடன் கூடிய வகுப்பறைப் பயிற்சி வேண்டும் என்பது ஆஸ்திரேலியா முழுமைக்குமான விதி. பாவம் பார்த்து அதைக் குறைக்கப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு நாள் போனால் பயிற்சியின் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். பட்டம் போகாது. அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனால்தான் சிக்கல்.

அப்போது, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கை உறுதிச் சான்றில் உள்ள படிப்பு முடிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவரின் படிப்புக் காலத்தைப் பல்கலைக்கழகம் நினைத்தபடி நீட்ட முடியாது; தவிர்க்க முடியாத காரணம் போன்ற சில நிலைகளில் மட்டுமே விதி அனுமதிக்கிறது. பயிற்சி இடம் கிடைக்காமல் போனது அவர் குற்றமல்ல என்பதைக் காட்ட ஆவணம் வேண்டும்: பள்ளி அனுப்பிய அறிவிப்பு, வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்திட்ட வருகைப் பதிவு, பயிற்சி அலுவலகத்தின் பதில். தொலைபேசியில் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓர் அலுவலர் சொன்னதை விசா அதிகாரி ஏற்கமாட்டார். சான்று நீண்டால், பழைய விசா முடிவதற்குள் புதியதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை அங்கே பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. நான் சிங்கப்பூர் வழக்கறிஞர். நீங்களே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். வயது வந்த மாணவரைப் பற்றித் தந்தையிடம் பேசமாட்டார்கள். வீண் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பிணைக்கு வருகிறேன். உங்கள் மகள் ஒப்பந்தத்தை மீறினால்தான் உங்கள் பொறுப்பு தொடங்கும். தாமதம் தானாகவே மீறல் ஆகிவிடாது. படிப்புக் காலம் நீண்டால் அமைப்பின் எழுத்து அனுமதி பெற வேண்டும் என்று பத்திரம் சொல்கிறதா என்பதே கேள்வி. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட பத்திரங்களில் அந்த வரி ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். இருந்தால், நாள்கள் குறையும் என்று தெரிந்த வாரத்திலேயே உங்கள் மகள் எழுதிக் கேட்கட்டும். முடிந்த பிறகு தெரிவிப்பதுதான் மீறலாக மாறும்.

பிணையாளியின் சம்மதமின்றிக் கடனாளிக்குக் காலநீட்டிப்புத் தந்தால் பிணையாளி விடுபட்டுவிடுவார் என்பது நம் நீதிமன்றங்களும் பின்பற்றும் பழைய பொதுச்சட்ட விதி. அதைத் தெரிந்துகொண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பத்திரம் எழுதியவர்களுக்கும் அது தெரியும்; "காலநீட்டிப்பால் பிணை பாதிக்கப்படாது" என்று முன்னரே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதாமல் விட்டிருந்தால், நீட்டிப்புக் கடிதத்தில் உங்கள் கையொப்பத்தையும் கேட்பார்கள். போடும் முன் ஒன்றைப் பாருங்கள்: தேதி மட்டும் மாறுகிறதா, இழப்பீட்டுத் தொகையும் வட்டியும் சேர்ந்து ஏறுகின்றனவா? தேதி மட்டும் என்றால் போடலாம். தொகை ஏறினால் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். பத்திரத்தின் நகல் கையில் இல்லையென்றால் இந்த வாரமே அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள்.