சன்பெட்டில் படுக்கும் முன் தடவும் லோஷன் தோலைக் காக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். மருமகள் ஆங்கிலேயப் பெண். கோடை விடுமுறைக்கு முன் மேனி பழுப்பேற வேண்டும் என்று வாரம் இருமுறை சன்பெட் (புற ஊதாக் கதிர் விளக்குகள் பொருத்திய படுக்கை) நிலையத்துக்குப் போகிறாள். அங்கே விற்கும் லோஷனைத் தடவிக்கொண்டு படுத்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்கிறாள். முகப்பருவுக்கு மாத்திரையும் சாப்பிடுகிறாள். அவள் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. தோலைக் காப்பது அந்த லோஷனின் வேலையே இல்லை. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் இருக்காது. ‘இதில் சன்ஸ்கிரீன் இல்லை’ என்றே பலவற்றில் அச்சிட்டிருப்பார்கள். சன்ஸ்கிரீன் சேர்த்தால் புற ஊதாக் கதிர் தடைபடும், மேனியும் பழுப்பேறாது. பிறகு யார் வாங்குவார்கள்?

அதில் இருப்பது பெரும்பாலும் ஈரப்பசை தரும் பொருள்கள். வறண்ட தோலின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்களும் அவற்றுக்கிடையே காற்றும் இருப்பதால், படும் ஒளியில் ஒரு பகுதி சிதறிவிடும். எண்ணெய்ப் பசை அந்த இடுக்குகளை நிரப்பினால் கதிர் எளிதாக உள்ளே இறங்கும். தோல் தடித்துச் செதில் படியும் சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை தருமுன் செதில் படிந்த இடத்தில் மினரல் ஆயில் தடவுவது இதற்காகத்தான். ஆனால் அங்கே மருத்துவர் கதிரின் அளவைக் கணக்கிட்டுத் தருகிறார். சன்பெட் நிலையத்தில் அந்தக் கணக்கு கிடையாது. லோஷன் தடவியதால் பழுப்பு நன்றாகப் பிடிக்கிறது என்றால், கதிரும் அந்த அளவுக்குக் கூடுதலாக இறங்கியிருக்கலாம்.

‘பிரான்சர்’ கலந்த லோஷன் வேறு ரகம். அதிலுள்ள டைஹைட்ராக்சி அசிட்டோன், தோலின் மேலே இருக்கும் இறந்த செல்களோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் தருகிறது. ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். இதற்குக் கதிரே தேவையில்லை. உங்கள் மருமகளுக்கு வேண்டியது நிறம் மட்டும்தான் என்றால், இந்தப் பொருள் உள்ள செல்ஃப் டேன் லோஷனை வீட்டிலேயே தடவிக்கொள்ளட்டும். நான் மனதாரப் பரிந்துரைப்பது இதைத்தான். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தனியாகத் தடவ வேண்டும்; இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது.

சில லோஷன்கள் சுரீரென்று எரிந்து தோலைச் சிவக்க வைக்கும். ‘வேலை செய்கிறது’ என்று நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பில், உண்மையிலேயே தோல் வெந்திருந்தாலும் தெரியாமல் போகும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009இல் சன்பெட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலான முதல் பிரிவில் சேர்த்தது; புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இளம் வயதில் தொடங்குபவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு இன்னும் அதிகம். இங்கிலாந்தில் 2011 முதல் 18 வயது நிரம்பாதவர்களை இந்த நிலையங்களில் அனுமதிப்பது குற்றம்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மாத்திரைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டாக்ஸிசைக்ளின், லைமிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத நேரத்திலேயே அவர் தோல் வெந்துபோகலாம். எந்த லோஷனும் இதைத் தடுக்காது. மாத்திரையின் பெயரை இன்றே அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் மருந்துக்கடையில் காட்டிக் கேட்கலாம். அது தெரியும் வரை சன்பெட் பக்கமே போக வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.